பெரம்பூர் போட்டுக் கொடுத்த பட்டியல்

ஐரோப்பாவில் பார்க்க வேண்டிய இடங்கள் என்று யூடியூபில் தேடினால் ஈஃபிள் கோபுரம், வெனிஸ் படகு, சுவிட்சர்லாந்து பனிமலை என்று வரிசையாக வந்து விழும். எனக்குக் கிடைத்த பட்டியல் வேறு. ஷ்லீரன், ஹம், லூர்து. முதல் இரண்டையும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அப்பா ஒன்று, ஆயா (எங்கள் பாட்டி) ஒன்று, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ஒன்று என்று மூன்று ஊரையும் எனக்கு எழுதிக் கொடுத்தது எங்கள் சென்னைப் பெரம்பூர்தான். மூன்றுக்கும் குளிர்காலத்தில்தான் போனேன். அப்போதுதான் டிக்கெட்டும் மலிவு, அறை வாடகையும் மலிவு. வெயில் காலத்தில் ஐரோப்பா சுற்றுகிறவர்களுக்குக் காசு இருக்கிறது, அவ்வளவுதான்.

பொங்கல் லீவுக்கு வந்து பெரம்பூர் பக்கத்துப் பெரவள்ளூரில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். மார்கழி முடிந்து தை பிறந்துவிட்டது. காலையில் இருபத்திரண்டு டிகிரிதான், அதற்கே அப்பா மஃப்ளர் சுற்றிக்கொண்டு பால் வாங்கப் போகிறார். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. “இன்னாம்மா, அந்தக் குளுருல எப்டி இருக்க?”

குளிர் ஒன்றும் செய்வதில்லை, நிஜமாகவே. ஜெர்மனியில் நான் இருக்கும் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் வீடு, ஆபீஸ், டிராம், கடை எல்லாவற்றிலும் ஹீட்டர். வெளியே மைனஸ் ஐந்து என்றால் உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே கம்பளி, அதற்கு மேலே காற்று புகாத ஜாக்கெட். பருத்தியை மட்டும் உள்ளே போடக் கூடாது, வியர்த்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைச் சில்லிட வைக்கும். நமக்குப் பருத்திதான் நல்ல துணி என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அதனால் இதை ஏற்றுக்கொள்ள மனசுக்குக் கொஞ்ச நாள் ஆகும். பனி விழுந்தாலும் பயமில்லை. பயம் எல்லாம் மழை பெய்து இரவில் உறைந்துபோன நடைபாதைதான். கண்ணுக்கே தெரியாது, கால் வைத்ததும் ஆளைத் தூக்கிப் போடும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் இறுகிவிடும், ஸ்பூன் விட்டுச் சுரண்ட வேண்டும். இட்லி மாவு பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவை உள்ளே வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஓனர் அம்மா இருக்கிறார், எழுபத்தைந்து வயதுக்கு மேல். நான் குடிவந்த முதல் குளிரில் கதவைத் தட்டி, தினம் இரண்டு தடவை எல்லா ஜன்னலையும் அகலத் திறந்து ஐந்து நிமிடம் விடு என்றார். பூஜ்ஜியம் டிகிரியில் ஜன்னலைத் திறப்பதா என்று விழித்தேன். வாடகை ஒப்பந்தத்திலேயே அது இருந்தது. சமையல், குளியல், மூச்சு எல்லாவற்றின் ஈரமும் மூடிய வீட்டுக்குள் சேர்ந்து, சில்லென்ற சுவர் மூலையில் படிந்து, பூஞ்சணம் பிடித்துக் கறுக்கும். வெளிக்காற்று சில்லென்று இருந்தாலும் அதில் ஈரம் குறைவு. சட்டென்று மாற்றிக்கொண்டால் சுவர் ஆறுவதற்குள் அறை மறுபடி சூடாகிவிடும். சாம்பார் கொதிக்கும் வீட்டுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

ஆக, குளிரைச் சமாளித்துவிடலாம். என்னை அடித்துப் போட்டது இருட்டு.

எங்கள் வீட்டில் சட்டம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பெண் பிள்ளை வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஐ.சி.எஃப் என்கிற ரயில் பெட்டித் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் வில்லிவாக்கத்தில் டியூஷன். ஆறு மணிக்கு அது முடியும்போது வாசலில் அப்பா சைக்கிளோடு நிற்பார். காலேஜ் நாளில் 29சி புரசைவாக்கத்தில் மாட்டிக்கொண்டால் போதும், அம்மாவின் போன் வந்துவிடும். “எங்கடி வர்ற? வெளக்கு வச்சாச்சு.” எதற்காக என்று யாரும் விளக்கியதில்லை, நானும் கேட்டதில்லை. இருட்டினால் வெளியே இருக்கக் கூடாது என்பது உடம்பிலேயே ஊறிவிட்டது.

பிரவுன்ஷ்வைக்கில் டிசம்பரில் சூரியன் மறைவது நாலு மணிக்குக் கொஞ்சம் மேல். எழுவது எட்டேகாலுக்கும் மேல். நடுவில் இருக்கும் எட்டு மணி நேரமும் வெளிச்சம் என்று எண்ணிவிடாதீர்கள், மேகம் மூடினால் வாரக்கணக்கில் மதியமே அந்தி. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்ப வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள், இந்தியாவுக்கும் அங்கேயும் நாலரை மணி நேர வித்தியாசம். அம்மா ஒன்பது மணிக்கு சீரியல் முடித்து வீடியோவில் வருவார். எனக்கு அப்போது மாலை நாலரை, ஆபீசிலிருந்து டிராம் நிறுத்தத்துக்கு நடந்துகொண்டிருப்பேன்.

“இன்னாடி இது, இருட்டுல எங்க நிக்கற?”

“மணி நாலரைதாம்மா.”

“நாலரைன்னா? இருட்டிடுச்சு இல்ல? ஊட்டுக்குப் போ மொதல்ல.”

போனேன். அந்த முதல் குளிர் முழுக்கப் போய்க்கொண்டே இருந்தேன். ஆபீஸ் விட்டால் வீடு, கதவைச் சாத்தினால் மறுநாள் காலை. ஞாயிற்றுக்கிழமை கடைகளும் பூட்டு. மூலக்கடையில் ராத்திரி பதினொரு மணிக்கும் பஸ் சத்தம் கேட்டு வளர்ந்தவளுக்கு, ஐந்து மணிக்கு அடங்கிப்போன ஒரு தெரு என்ன செய்யும் என்று சொல்லத் தெரியவில்லை. அழுகையெல்லாம் வரவில்லை. தூக்கம் மட்டும் வந்தது, எந்நேரமும். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். நம்ம ஊர் வெயிலில் இருபத்தைந்து வருஷம் காய்ந்தவளுக்கு வைட்டமின் டி மாத்திரை! கேட்டு ஆயா இரண்டு நாள் சிரித்தார்.

அப்புறம் அப்பா கொடுத்த வேலை வந்தது.

அப்பா ஐ.சி.எஃப்பில் 1980இல் சேர்ந்து 2018இல் ரிடையர் ஆன வெல்டர். அந்தத் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்து வைத்தது என்பது பெரம்பூர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அங்கே செய்த பெட்டியின் டிசைன் சூரிச் பக்கத்தில் இருக்கும் ஷ்லீரன் என்ற சின்ன ஊரின் கம்பெனியிலிருந்து வந்தது என்பது அப்பா மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். இந்தியா முழுக்க நாம் ஏறி இறங்கிய நீல நிற ரயில் பெட்டிகளின் பூர்வீகம் அது. அப்பா சேர்ந்த புதிதில் ஷாப்பில், அதாவது பட்டறையில், இருந்த பெரியவர்கள் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லியே வேலை கற்றுக் கொடுத்தார்களாம். “ஸ்லீரன்னு ஒரு ஊரு. நீ அங்கதான கீற, ஒரு எட்டு போய் பாத்துட்டு வா.” ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் மாதவரத்துக்கும் மாத்தூருக்கும் உள்ள தூரம்தான் என்பது அவர் கணக்கு.

ஹாம்பர்க்கில் கிளம்பி ஹானோவர் வழியாக சூரிச் போகும் நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் படுக்கை எடுத்தேன். ஒரு அறைக்கு ஆறு படுக்கை, பக்கவாட்டுப் படுக்கை கிடையாது. காலையில் ரொட்டியும் காபியும் அவர்களே கொடுக்கிறார்கள். ஹானோவர் பிளாட்பாரத்தில் ராத்திரி தனியாக நின்றபோதுதான் கவனித்தேன், நிற்பது நான் மட்டுமல்ல. தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு பெண், ஊன்றுகோலோடு ஒரு பாட்டி, பள்ளிக்கூடப் பையோடு இரண்டு சிறுமிகள். யாருக்கும் அது பொருட்டாகவே இல்லை. எட்டு மாதம் வெளிச்சமும் நாலு மாதம் இருட்டுமாக இருக்கும் ஊரில் இருட்டைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அவர்கள் கணக்கில் சூரியன் வராது, கடிகாரம் மட்டும்தான். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் அந்த முதல் குளிரில் இவ்வளவு தூங்கியிருக்க மாட்டேன்.

அதற்காக எல்லா இடமும் பத்திரம் என்று பசப்பவில்லை. பெரிய ஸ்டேஷன்களின் பின்பக்கத் தெருக்களில் நடு இரவில் நான் நடப்பதில்லை. கடைசி ரயிலை நம்பித் திட்டம் போடுவதில்லை, அதற்கு முந்தைய ரயிலைத்தான் பிடிப்பேன். ஆள் இருக்கும் பெட்டியில்தான் உட்காருவேன். இந்தச் சட்டங்கள் நானே போட்டுக்கொண்டவை, காரணம் கேட்டால் என்னால் சொல்ல முடியும்.

ஷ்லீரன் சூரிச்சிலிருந்து லோக்கல் ரயிலில் பத்து நிமிடம். அங்கே குளிர்காலத்தில் மூடுபனி தரையில் இறங்காமல் உயரத்திலேயே ஒரு கூரையாக நின்றுவிடும், நாள் முழுக்கச் சாம்பல் வெளிச்சம். கம்பெனியை 1985இல் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பயோடெக் ஆய்வகங்கள். ஆனால் தெருவுக்கு அதன் செல்லப் பெயரையே வைத்திருக்கிறார்கள், வாகி தெரு. வாகன் தொழிற்சாலையை அந்த ஊர்க்காரர்கள் வாகி என்றுதான் சொல்வார்களாம். அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பினேன். அப்பா அதை ரிடையர் ஆனவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட, ஒரு மணி நேரத்தில் எனக்கு முன்பின் தெரியாத பெரியவர்களிடமிருந்து குரல் செய்திகள். ஒருவர், “பொண்ணு, ஷாப்பு உள்ள போனியா? மெஷின் எதுனா கீதா?” என்று கேட்டிருந்தார். மெஷின் ஒன்றும் இல்லை அங்கிள் என்று சொல்ல எனக்கே சங்கடமாக இருந்தது.

அதன்பின் அப்பா ஈஃபிள் கோபுரம், கோட்டை எதையும் கேட்டதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் ரயிலின் அடிப்பாகப் படம் வேண்டும். சக்கரங்களைத் தாங்கும் போகி, பிரேக், பெட்டிகளை இணைக்கும் கப்ளிங். எதிர் பிளாட்பாரத்தில் குனிந்து படம் எடுக்கும் இந்தியப் பெண்ணை எத்தனை பேர் சந்தேகமாகப் பார்த்தார்களோ. சூரிச் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்பா சொன்னது: “இன்னும் ஸ்க்ரூ கப்ளிங்கா? நாம எல்ஹெச்பி வந்தப்பவே அதை வுட்டுட்டோம்டா.” உண்மைதான். எல்ஹெச்பி என்பது நம்ம ஊரில் பிறகு வந்த புது வகைப் பெட்டி. ஐரோப்பாவில் எஞ்சின் இழுக்கும் பெட்டிகளில் இன்னும் இரண்டு பக்கமும் அதிர்ச்சி தாங்கும் பஃபர், நடுவில் திருகி மாட்டும் கொக்கி. அவர்கள் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், நம்முடையது 1676. ஏறக்குறைய ஒரு சாண் நமக்கு அதிகம். அப்பா இதைச் சொல்லும்போது குரலில் வரும் பெருமையைப் பார்த்தால், தண்டவாளத்தையும் அவரே போட்டிருக்கிறார் போலிருக்கும்.

இதில் இன்னொரு வேடிக்கை. ஷ்லீரன் வகைப் பெட்டியை ஐ.சி.எஃப் கடைசியாகச் செய்து அனுப்பியது 2018 ஜனவரியில், அப்பா ரிடையர் ஆன வருஷம். அதற்குப் பதிலாக வந்த எல்ஹெச்பி பெட்டி ஜெர்மன் டிசைன், லிங்க்கே-ஹோஃப்மன்-புஷ். அந்தக் கம்பெனி இருந்த சால்ஸ்கிட்டர் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வேலை தேடி எங்கேயோ போய் விழுந்தேன் என்று நினைத்தால், அப்பாவின் ஷாப் வாசலிலேயே விழுந்திருக்கிறேன்.

ஆயா கொடுத்த வேலை ஹம். விசா கிடைக்க வேண்டும் என்று திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டவர் ஆயா. போன ஊரிலும் ஒரு அம்மன் இருந்தால் போய் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வா என்றார். ஜெர்மனியின் ஹம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. ஈழத் தமிழர்கள் கட்டியது, 2002இல் கும்பாபிஷேகம். டாய்ச்லாண்ட்டிக்கெட் என்று மாதாந்திரச் சீட்டு ஒன்று உண்டு. 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி 2026 ஜனவரியில் 63 ஆகிவிட்டது. வேக ரயில்களில் செல்லாது, ஆனால் நாட்டின் எல்லா உள்ளூர் ரயில், டிராம், பஸ்ஸிலும் செல்லும். அதை வைத்து வண்டி மாறி மாறிப் போனேன்.

கோயில் ஊருக்கு வெளியே தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் அனல்மின் நிலையம். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் போய் வந்தவளுக்குக் கோபுரத்தையும் புகைபோக்கியையும் ஒரே பார்வையில் பார்ப்பது புதிதில்லை. பூட்ஸ், இரண்டு அடுக்கு சாக்ஸ் எல்லாம் கழற்றி உள்ளே போனால் கற்பூர வாசனை. பிரசாதம் வாங்கும்போது ஒரு அம்மா, “பிள்ளை இந்தியாவோ?” என்றார். சென்னை என்றதும், நாங்களும் வளசரவாக்கத்தில் கொஞ்சக் காலம் இருந்தனாங்கள் என்றார். பெரம்பூர் தெரியுமா என்றேன், தெரியாதாம். ஆனாலும் சாப்பிட்டிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். இருட்டு தாங்கவில்லை என்று நான் சொன்னதற்கு அவர் சொன்ன வைத்தியம்: “பின்னேரம் வீட்டு லைட்டெல்லாம் போட்டு வையுங்கோ. கரண்ட் பில்லைப் பாக்காதீங்கோ.” பில்லைப் பார்க்காமல் இருக்க என்னால் முடியவில்லை, ஆனால் லைட்டைப் போட ஆரம்பித்துவிட்டேன்.

லூர்து, பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்காக. பெரம்பூர் லூர்து மாதா கோயில் பிரான்சில் இருக்கும் கோயிலைப் பார்த்துக் கட்டியது. பிப்ரவரி 11 திருநாளுக்கு எங்கள் பக்கம் மதம் பார்த்து யாரும் வீட்டில் இருப்பதில்லை. 1858இல் அதே தேதியில்தான் பெர்னதெத் என்ற ஏழைப் பெண்ணுக்கு அங்கே ஒரு குகையில் மாதா காட்சி கொடுத்தார் என்பது நம்பிக்கை. ஆன்ட்டிக்கு அந்தக் குகை ஊற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் வேண்டும். பாரிஸ் வரை ஒரு ரயில், கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் லா ஷப்பேலில் தமிழ்க் கடையில் கொத்து ரொட்டி, மறுநாள் டிஜிவி வேக ரயிலில் ஐந்து மணி நேரம். பாரிசுக்கு அடுத்தபடியாக பிரான்சில் விடுதிகள் அதிகமுள்ள ஊர் லூர்து என்பார்கள். ஜனவரியில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. குகைக்கு முன்னால் இருபது பேர் இருந்தால் அதிகம். வரிசையாகக் குழாய்கள், தண்ணீர் இலவசம். பாட்டில்தான் விலை, மாதா உருவத்தில் நீல மூடியோடு விற்கிறார்கள். ரயிலில் வந்ததால் விமானக் கைப்பைக்கு இருக்கும் நூறு மில்லி தடை எல்லாம் இல்லை. சென்னை விமானத்தில் செக்-இன் பெட்டிக்குள் ஜாக்கெட் சுற்றிக் கொண்டு வந்தேன்.

பாட்டிலைக் கையில் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டு ஆன்ட்டி கேட்டார், “அங்க நம்ம கோயில் மாதிரியே கீதா?”

“அப்படியேதான் ஆன்ட்டி. ஆனா கூட்டமே இல்ல.”

“ஐயோ பாவம்” என்றார்.

சித்தி பையன் மார்ச்சில் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்புகிறான். எம்.சி. ரோடுக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கட்டுமா அக்கா என்கிறான். வாங்காதே. அது அப்பாவின் மஃப்ளர் குளிருக்குத்தான் சரி. ஜாக்கெட், பூட்ஸ் இரண்டையும் அங்கே போய் வாங்கு, தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும். தெர்மல் மட்டும் இங்கிருந்து எடுத்துப் போ. ஊர் சுற்றப் போகும்போது பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் பையிலேயே வை. 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை போட்டிருக்கிறது, சுவிஸ் எல்லை ஊரான பாசெல் தாண்டியதும் ரயிலுக்குள் போலீஸ் வந்து கேட்பார்கள். ரயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் டிக்கெட்டில் கால் பங்கும், இரண்டு மணி நேரம் தாண்டினால் பாதியும் திருப்பிக் கேட்கலாம், ஐரோப்பியச் சட்டம். நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். குளிர்காலத்தில் இது ஒரு சிறு வருமானம். சுவிட்சர்லாந்தில் போன் டேட்டாவை அணைத்துவிடு, ஐரோப்பிய யூனியன் ரோமிங் சலுகை அங்கே தானாக வராது. முக்கியமாக, நாலு மணிக்கு இருட்டியதும் அறைக்குள் போய்ப் படுக்காதே. கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போ, குவளைக்கு வைக்கும் டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொள், மது வேண்டாமென்றால் குழந்தைகளுக்கான சூடான பழச்சாறு கிடைக்கும். எதுவுமே இல்லையென்றால் ஏதோ ஒரு உள்ளூர் ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய்விட்டு வா.

அப்பாவும் அம்மாவும் அடுத்த டிசம்பரில் வருவதாக நேற்று முடிவானது. வெயில் காலத்தில் வாங்களேன் என்றால் அப்பா கேட்கவில்லை, டிக்கெட் விலையை அவரே போனில் பார்த்து வைத்திருக்கிறார். அம்மாவுக்கு ஈஃபிள் கோபுரத்தின் கீழே ஒரு போட்டோ வேண்டும், புடவையில். புடவைக்குள் தெர்மல் போட்டுக்கொள்ள ஒத்துக்கொண்டது பெரிய விஷயம். அப்பாவுக்கு முதலில் சால்ஸ்கிட்டர், அப்புறம் ஷ்லீரன், மிச்ச நாள் இருந்தால் கோபுரம். இதில் இன்னும் சண்டை முடியவில்லை.

என் பக்கம் வேலை நிறைய. வெளிநாட்டவர் அலுவலகத்தில் செலவுக்கு நான் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும், முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், விசாவுக்குத் தலைக்கு 90 யூரோ. அதற்கெல்லாம் முன்னால் இந்த லீவு முடிவதற்குள் அப்பாவுக்குப் பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ண வேண்டும். அறுபத்தேழு வயது வரை அவர் அதை எடுத்ததே இல்லை. ரயில்வே பாஸ் இருக்கும்போது அது எதுக்கு என்கிறார்.